எத்தனை விரல்

விரல் எதற்கு என்பதுதான் கலாமணிக்கு இன்னும் பிடிபடவில்லை. போட்டோ எடுப்பது சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் விட்டுவைக்கிறார்கள், தின்கிற தோசையை எடுக்கிறார்கள், மழை பெய்தால் ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரை எடுக்கிறார்கள், பக்கத்து லைன் பையன் ஒருத்தன் செத்துக் கிடந்த எலியை எடுத்து எல்லோருக்கும் அனுப்பி வைத்தான், அது போகட்டும். ஆனால் மகள் சுபி எடுக்கிற போட்டோவில் மட்டும் ஓரத்தில் அவள் விரல் நீட்டிக்கொண்டு நிற்கும். ரசம் சோற்றுத் தட்டை எடுத்தாள், தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரல். சுற்றுகிற மின்விசிறியைப் படுத்தவாக்கில் எடுத்தாள், விசிறிக்கு நேராகச் சுண்டு விரல். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவளுடைய போன் கட்டிலில் கிடந்தபோது, வெளிச்சம் அணைவதற்குள் கலாமணி எட்டிப் பார்த்துவிட்டாள். பச்சை பக்கெட், பாதித் தண்ணீர், விளிம்பில் கட்டை விரல். பக்கெட்டில் என்ன இருக்கிறது? வாங்கி எத்தனையோ வருசம் ஆகிறது, கைப்பிடி போய்க் கம்பி கட்டியிருக்கிறது, அதை ஒருத்தி போட்டோ எடுக்கிறாள் என்றால் அதில் கலாமணிக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். மறுநாள் குளிக்கப் போனபோது அவளும் குனிந்து பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். பக்கெட்டாகத்தான் இருந்தது.

டிவிக்குப் பக்கத்துப் பலகையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன் மறுபடியும் நடுங்கியது. கலாமணி தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கினாள். மடி நிறையக் குழந்தைச் சட்டைகள், உள்ளங்கை அகலத்துக்கு முதுகு, நெஞ்சில் ஒரு கரடி. தையல் முடிந்து வருகிற சட்டையில் அங்கங்கே தொங்குகிற நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டிவிட வேண்டும், அதற்குப் பிசிறு வெட்டுவது என்று பேர், சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து சட்டைக் கட்டுகளை எடுத்துப் போகும். திருப்பூரில் வரிசையாக ஒட்டிக் கட்டின லைன் வீடுகள் பாதியில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்காரர் அங்கமுத்து காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார், ஷிப்மெண்ட் அவசரம் என்றால் அவருடைய கம்பெனிக்கு ஞாயிறும் கிடையாது திங்களும் கிடையாது. சுபி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு லைன் கடைசியில் இருக்கிற பொதுப் பாத்ரூமுக்குப் போய் வெகு நேரம் ஆகிறது. உள்ளே தெய்வானை அக்கா போர்வை துவைத்துக்கொண்டிருந்ததால் வெளியிலேயே நிற்க வேண்டியதாகி, இப்போதுதான் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். எப்போதும் எடுத்துக்கொண்டுதான் போவாள், பிளாஸ்டிக் கவரில் போட்டு, பக்கெட்டுக்குள் சோப்பு டப்பாவோடு. “எண்ணெக் கையோட அதத் தொடாத கண்ணு, சார்ஜும் இல்லைங்கற, வெச்சுப்போட்டுப் போ. அது எங்க ஓடிப் போயிருது?” என்று கலாமணிதான் பிடுங்கி வைத்தாள். சுபி நின்றாள். கன்னத்தில் எண்ணெய் வழிய, போனைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கைக்குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போகிறவள் மாதிரி நின்றாள். “அரை மணி நேரத்துல வந்துருவேம்மா,” என்றாள். யாரிடம் சொன்னாள்? கலாமணி ஒன்றும் கேட்கவில்லையே. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தப் பதில் கலாமணிக்கான பதிலாகவே இல்லை. போன் நடுங்கியது. நின்றது. நடுங்கியது. பலகையில் வைத்திருந்த டீ டம்ளர்கூடச் சேர்ந்து கிணுகிணுத்தது.

முதலில் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். பிளஸ் டூ, என்னவெல்லாமோ கேட்கிறார்கள், செடியைக் காயவைத்து ஒட்டி வரச் சொல்கிறார்கள், தட்டையும் விசிறியையும் எடுத்து வரச் சொன்னால் என்ன. பிறகு அது ஏதோ பந்தயம் என்று நினைத்தாள், கூட்டாளிப் பிள்ளைகள் சேர்ந்து இன்றைக்கு இத்தனை விரல் என்று வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்று. கேட்டதற்கு சுபியும் ஆமாம் என்றுதான் சொன்னாள், “டிரெண்டும்மா, எல்லாரும் பண்றாங்க.” அதற்குப் பிறகு ஒரு நாள், கலாமணிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, சுபி வெளியிலிருந்து ஓடிவந்து, “அம்மா, இக்கட்ட வந்து நில்லு, நம்ம ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒரு போட்டோ,” என்றாள். கலாமணிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நைட்டியோடு நிற்கிறேனே, இரு கண்ணு, சீலை மாத்திக்கறேன் என்று உள்ளே ஓடி, சிவப்புப் பூனம் சேலையைச் சுற்றிக்கொண்டு, முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டு வந்தாள். “சீக்கிரம்மா, சீக்கிரம்,” என்று சுபி பறந்தாள். பெரிய பிள்ளையானதிலிருந்து கூட நடக்கவே வெட்கப்படுகிறவள் இன்றைக்குத் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று கலாமணி அவள் பக்கமாக இன்னும் சாய்ந்துகொண்டாள். “மூணு விரல் காட்டும்மா,” என்றாள். காட்டினாள். பல் தெரியச் சிரித்தாள். அதோடு விட்டாளா? ஊத்துக்குளியில் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்குப் போனபோது மேடையில் ஏறி, போட்டோக்காரன் ரெடி என்றதும் அவள் பாட்டுக்கு மூன்று விரலை நீட்டினாள். “என்னடி கலா, யாருக்கு நாமம் போடற?” என்று சித்தி கேட்டாள். “இதுதாஞ் சித்தி இப்ப டிரெண்டு,” என்று இவள் பெருமையாகச் சொன்னாள். சித்தியும் நீட்டினாள். சின்னம்மிணி அத்தையும் நீட்டினாள். அந்த ஆல்பத்தில் கிழவிகள் எல்லோரும் மூன்று விரலோடு நிற்கிறார்கள். சுபி மட்டும் அந்த வரிசையின் கடைசியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள், அதுவும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஏன் அவள் மட்டும் நீட்டவில்லை?

வாசலில் நிழல் விழுந்தது. மூன்றாவது வீட்டு ரேவதியின் குழந்தை தவழ்ந்து வந்து படியில் கை வைத்து எட்டிப் பார்த்தான். எச்சில் வடிந்து நெஞ்செல்லாம் ஈரம். “அட, எங்கதிருக் குட்டியா? வா சாமி, வா வா. உங்கம்மா தேடப் போறா,” என்று கலாமணி கத்திரியைச் சட்டைக் கட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு அவனைத் தூக்கினாள். “கதிரு, எங்கதிரு, தங்கக் கதிரு,” என்று நெற்றியால் அவன் வயிற்றை முட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். சின்னக் கைதான், வலி உயிர் போயிற்று. “உடுடா, உடு சாமி,” என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ரேவதி சோற்றுக் கிண்ணத்தோடு வந்து, “இங்கதான் வந்தியா திருடா? அக்கா, இவன் அடிக்கக் கை ஓங்கறானுங்க இப்பெல்லாம். நானும் சிரிச்சுப்போடறேன்,” என்று வாங்கிக்கொண்டு போனாள். கலாமணி தலையைத் தடவிக்கொண்டாள். விரல் பட்ட இடம் எரிந்தது.

விரல் பட்ட இடம். போன வாரம் சுபி முழுக்கை போட்ட சுடிதாரை மாற்றும்போது கலாமணி சடாரென்று உள்ளே போய்விட்டாள், முழங்கைக்கு மேலே நாவல்பழக் கறை மாதிரி நீலமாக இருந்தது. “என்ன கண்ணு இது?” “பஸ்ஸுல கம்பி இடிச்சுப்போச்சும்மா.” சரி என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். தடவும்போது அவளுடைய விரல்கள் தாமாகவே அந்தக் கறையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. நாலு விரலுக்கு நாலு இடம் இருந்தது, பின்பக்கம் கட்டை விரலுக்கும் ஒன்று. கம்பி ஒன்றுதானே, அது எப்படி நாலாக இடிக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் பயமாக இருந்தது, பயமாக இருந்ததால் வேகமாகத் தடவினாள். கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாளா? கலாமணியே சின்ன வயதில் ஒன்றைச் சொன்னவள்தான். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்னால் வருவான். பேச மாட்டான், முன்னால் போக மாட்டான், இவள் நின்றால் நிற்பான். ஒரு நாள் கூடையில் ஒரு கொய்யாப்பழத்தைப் போட்டுவிட்டுப் போனான். இவளுக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும் என்று யாரையாவது கேட்க வேண்டும் போல இருந்ததால் வீட்டில் சொன்னாள். அவ்வளவுதான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் யார் வீட்டுப் பையன் என்றுகூட யாரும் விசாரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அப்பா, “எங்க கெளம்பிட்ட?” என்று மட்டும் கேட்டார். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், அதோடு படிப்பு நின்றது. அந்தப் பையன் என்ன நினைத்துக் கொய்யாப்பழத்தைப் போட்டான் என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம், ஆனாலும் எப்போதாவது கொய்யாப்பழ வண்டியைப் பார்த்தால் தோன்றும், பாதிப் பாடத்தில் நின்றுபோன புத்தகம், அதற்கடுத்த பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று.

போன் இப்போது நடுங்கவில்லை, பாடியது. அழைப்பு. கலாமணி மடியிலிருந்த சட்டைகளை அப்படியே இறக்கிவைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் ஒற்றை ஆங்கில எழுத்து. கே. அந்த எழுத்து அவளுக்குத் தெரியும், அவளுடைய பேரே அதில்தான் தொடங்குகிறது. கே என்றால் யார்? கீர்த்தனாவா, கூடப் படிக்கிற அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளையா? கோமதி மிஸ்ஸா? பாட்டு நின்றது. உடனே மறுபடி ஆரம்பித்தது. பாத்ரூமிலிருந்து சுபி தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது, சீயக்காய் போக வேண்டுமானால் இன்னும் நேரமாகும். அடுத்தவர்களுடைய போனை எடுக்கக் கூடாது. மகள் அடுத்தவளா? பாட்டு நின்றது, ஆரம்பித்தது. இத்தனை தரம் கூப்பிடுகிற அளவுக்கு ஒருத்தருக்கு என்ன அவசரம் இருக்க முடியும், யாருக்காவது அடிபட்டிருக்குமோ, பரீட்சைத் தேதி மாறியிருக்குமோ, அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பச்சை வட்டத்தை மேலே இழுத்துக் காதில் வைத்தாள்.

“ஏண்டி, செவுடா நீ?”

பையன். கலாமணி வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டாள். பேசினால் அவன் வைத்துவிடுவான், பேசாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் தெரியும்.

“அரை மணி நேரம்ன. என்ன மணி இப்ப? பக்கெட் போட்டோ எங்க? கட்டை வெரல் வெச்சு அனுப்புன்னு சொன்னனா இல்லையா? பழைய போட்டோவ அனுப்பி ஏமாத்தறியான்னு பாக்கறதுக்குத்தானே வெரல் சொல்றேன், அதுவும் வராதா உனக்கு? யார் கூட இருக்க?”

மூக்கடைத்த குரல். சளி பிடித்திருக்கிறது. பத்தொன்பது இருக்குமா? மீசை அரும்பியிருக்குமா? கலாமணி சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

“பேச மாட்ட. சரி, பேசாத. நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வருவல்ல? போன வாரம் கையப் புடிச்சது மறந்துபோச்சா? … அழுவறியா? ஏய். அழுவாத சுபி. சாரிடி. நீ பேசலைன்னா எனக்குப் பைத்தியம் புடிக்குது, அது உனக்குப் புரியமாட்டேங்குது. செத்துருவேன் நானு.” கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு குரல் மாறாமலேயே, “இல்ல, அன்னிக்கு பேக்கரியில யூனிபார்மோட ஒக்காந்து எடுத்தமே, அந்த போட்டோவ உங்கப்பன் கம்பெனி கேட்டுல போயிக் காட்டட்டுமா? காட்டுனா என்ன ஆவும்? உங்கம்மாவே பள்ளிக்கூடத்த நிறுத்திப்போட்டு பனியன் கம்பெனிக்குத் தாட்டி உட்ரும்னு நீதானடி சொன்ன?”

அந்தப் பக்கம் எங்கேயோ எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. அதைத் தாண்டி ஒரு பெண்ணின் குரல், கலாமணி வயதுதான் இருக்கும், “கண்ணூ, பூரி ஆறுது பாரு. வா சாமி,” என்றது. “வர்றம்மா, ரெண்டே நிமிசம்,” என்றான் அவன். எவ்வளவு நல்ல குரல். தேன் தடவின மாதிரி. அதே வாய், அதே மூக்கடைப்பு. உடனே போனுக்குள் திரும்பிவந்து, “சாப்பிட்டு வர்றதுக்குள்ள போட்டோ வந்திருக்கணும். இன்னிக்கு உங்கம்மாவோட நின்னு எடுத்து அனுப்பு. நாலு வெரல்,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

கையிலேயே போன் ஒரு தரம் நடுங்கியது, சொன்னதை எழுதியும் அனுப்பியிருப்பான். கலாமணி அதைப் பலகையில் வைத்தாள். வயரைச் சரியாகச் சொருகினாள். வந்து உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்துப் பிசிறு தேடினாள். கரடியின் காதுக்குப் பக்கத்தில் ஒரு நூல் இருந்தது, வெட்டினாள். அடுத்த சட்டை. உங்கம்மாவே நிறுத்திப்போடும். அப்படிச் சொன்னேனா? சொன்னேன். எங்கே சொன்னேன்? குழாயடியில். அடுத்த வீதிப் பிள்ளை ஒருத்தி போனில் எவனோடோ பேசி மாட்டிக்கொண்டதைப் பற்றிப் பெண்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது கலாமணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள், “எங்கூட்டுப் புள்ளையா இருந்தா அன்னிக்கே படிப்ப நிறுத்திப்போட்டு பனியன் கம்பெனிக்குத் தாட்டி உட்ருவேன்.” சுபி அப்போது பக்கத்தில் நின்று குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள், குடம் எப்போதோ சுத்தமாகிவிட்டது. அந்த வாக்கியம் குழாயடியிலிருந்து சுபியின் காதுக்குப் போய், சுபியிடமிருந்து அவனுக்குப் போய், அவன் அதைப் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்கு அவள் காதிலேயே திருப்பிப் போட்டிருக்கிறான். அவன் கையில் வேறு என்ன இருக்கிறது? பேக்கரியில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து பப்ஸ் தின்கிற போட்டோ, அதைப் பார்த்தால் ஊரில் யாருக்கு என்ன? இந்த வாக்கியம் இல்லாவிட்டால் அந்தப் போட்டோவுக்கு ஒரு பலமும் கிடையாது. கலாமணிக்கு ஆச்சரியமாக இருந்தது. முகம் தெரியாத ஒரு பையனுக்குத் தன் மகளை மிரட்ட வார்த்தை எடுத்துக் கொடுத்தது தானா என்று ஆச்சரியமாக இருந்தது. சிவப்புப் பூனம் சேலை கட்டி, பவுடர் போட்டு, மூன்று விரல் காட்டிச் சிரித்து, அம்மா கூடத்தான் இருக்கிறேன் என்பதற்குச் சாட்சியாக நின்றதும் தான்தான். அதைப் பார்த்து அவன் என்ன சொல்லியிருப்பான்? சிரித்திருப்பானா?

போனை உடைத்துவிடலாம். உடைத்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். அங்கமுத்துவிடம் சொல்லலாம். அவர் அடிக்கிற ஆள் இல்லை, கேட்டுவிட்டுப் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், கை கழுவும்போது “போதும், படிச்சவரைக்கும்” என்பார், அந்தக் குரலில் வேறு பேச்சுக்கு இடமிருக்காது. அவன் வீட்டுக்கே போகலாம். போய் அந்தப் பூரி சுடுகிறவளிடம் என்ன சொல்வது, உங்கள் பையன் இந்த மாதிரி என்றால் அவள் நம்புவாளா, வர்றம்மா என்று அப்படிச் சொல்கிறவனைப் பெற்றவள்? கலாமணியாக இருந்தால் நம்புவாளா? பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது கோமதி மிஸ், எதுன்னாலும் தயங்காம எங்கிட்ட வாங்க என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடச் சுவரில் பெரிய பெரிய எழுத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பர்கூட எழுதியிருந்தது. அன்றைக்கு அவள் வெயிலுக்குக் கையைக் குடை பிடித்துக்கொண்டு நின்று அதை முழுதாகப் படித்தாள். யார் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் அந்தப் பக்கம் எடுப்பவர் எப்படி இருப்பார், ஆணா பெண்ணா என்றெல்லாம் யோசித்தாள். போகலாம், கூப்பிடலாம், எல்லாம் செய்யலாம். ஆனால் அதில் எதைச் செய்தாலும் சுபி முதலில் பயப்படப் போவது அவனுக்கு இல்லை. எங்க கெளம்பிட்ட என்று கேட்கப் போகிற ஒரு குரலுக்கு. அந்தக் குரல் இப்போது கலாமணியிடம் இருக்கிறது. அப்பாவிடமிருந்து எப்போது வந்து தன் தொண்டையில் உட்கார்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்திரி நூலுக்குப் பதில் சட்டையைக் கவ்வியது. கரடிக்குப் பக்கத்தில் பொட்டளவுக்கு ஓட்டை விழுந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

பக்கெட் தரையில் உரசுகிற சத்தம் லைன் வழியாக வந்தது. கலாமணி அவசரமாக எழுந்து அடுப்பிலிருந்து கனல் எடுத்துத் தூபக்காலில் போட்டுச் சாம்பிராணி தூவினாள். சுபி தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் எப்போதும் செய்கிற வேலை. சுபி துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் துலக்கின வெண்கலம் மாதிரி இருந்தது. அவள் கண் அம்மாவைத் தாண்டிப் பலகைக்குப் போயிற்று.

“போன் அடிச்சுதாம்மா?”

“அடிச்சுது.”

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நின்றவாக்கில் படித்தாள். கலாமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் போனைப் பார்க்கிற பிள்ளை என்றுதான் பார்த்திருக்கிறாள், போனைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆகிறது என்று பார்த்ததே இல்லை. கழுத்து உள்ளே போயிற்று. கீழுதட்டைப் பல் கடித்தது. கடித்தது விட்டது, கடித்தது விட்டது. பிறகு அந்த முகத்தை ஒரு துணியை உதறுகிற மாதிரி உதறிவிட்டு, சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

“அம்மா, இக்கட்ட வாயேன். ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒரு போட்டோ எடுக்கலாம். சாம்பிராணிப் பொகையோட சூப்பரா இருக்கும்.”

என்ன அழகான சிரிப்பு. இதைத்தான் நம்பினாள். கலாமணி தூபக்காலைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றாள். சுபியின் ஈரத் தோள் அவள் தோளில் பட்டது. போனுக்குள் இரண்டு முகங்கள் தெரிந்தன, பின்னால் புகை. அவள் கை பழக்கத்தில் தானாக மேலே வந்தது.

“நாலு விரல்தான கண்ணு?” என்றாள்.

போனுக்குள் இருந்த சுபியின் சிரிப்பு அப்படியே நின்றது. உதடு விரிந்தபடி இருக்க, கண் மட்டும் அதிலிருந்து விலகிப் போயிற்று. கலாமணி அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தன்னால் சொல்ல முடியாது என்று தோன்றியது. போனுக்குள் இருக்கிற அந்த முகத்தைப் பார்த்தே சொன்னாள். “நாந்தான் எடுத்தேன். ஒரு வார்த்தை பேசல, கேட்டேன், அவ்வளவுதான். சுபி, இதை மொதல்ல கேட்டுக்க. நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போற. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வர்றேன். அடுத்த வருசம் காலேஜுக்கும் போற. என்ன போட்டோ வந்தாலும், யார் என்ன சொன்னாலும், உங்கப்பன் சோத்துல கை வெச்சுட்டுச் சொன்னாலும் உன்ற படிப்பு நிக்காது. குழாயடியில சொன்னது இருக்குதல்ல, அது சும்மா வாய்க்கு வந்தது கண்ணு. அதத் தூக்கி வீசிரு.”

சுபி அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை. போனைத் தாழ்த்தி, அம்மாவை நேராகப் பார்த்தாள். கடையில் நீட்டின நோட்டு நல்லதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள் மாதிரி, கொஞ்சமும் நம்பாமல், ஆனால் நம்ப ஆசைப்பட்டு, ரொம்ப நேரம் பார்த்தாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் பரவியது.

“நெசமாவா?”

“நெசமா.”

“அப்பா?”

“தெரியல. அதை ரெண்டு பேருமா யோசிக்கலாம். கோமதி மிஸ்ஸையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.”

சுபியின் கையில் போன் பாட ஆரம்பித்தது. அவள் கட்டை விரல் தானாகப் பச்சை வட்டத்துக்குப் போயிற்று, போய் அங்கேயே நின்றது. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தார்கள். அது நடுங்கிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தது. எவ்வளவு நேரம்தான் கூப்பிடுவான் என்று கலாமணிக்குப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கூப்பிட்டான். நின்றது. அறைக்குள் அவ்வளவு அமைதி வந்ததில், ரேவதி வீட்டில் கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம்கூடக் கேட்டது.

“கே-ன்னா என்ன பேரு கண்ணு?”

சுபி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “கதிர்,” என்றாள்.

இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ரேவதி அதே பேரைச் சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள், கதிரு, ஒரே ஒரு வாய் சாமி, அம்மாவ அடிக்கக் கூடாதுடா, ஆ சொல்லு என்று. கலாமணி அதைக் கேட்டபடியே இன்னும் எரிந்துகொண்டிருந்த உச்சந்தலையை ஒரு தரம் தடவிக்கொண்டாள். பிறகு மகளை உட்காரவைத்து, துண்டை அவிழ்த்து, ஈர முடியைப் பிரித்துப் புகைக்கு மேலே ஏந்திப் பிடித்தாள்.

“சரி,” என்றாள். “மொதல்ல இருந்து சொல்லு.”